ரெட்டா, புளூவா, பாமினியா?

மெக்கானிக்கல் கீபோர்ட் ஒன்று வாங்கப்போறன் என்று ஒருவர் வாய்திறந்தால் போதும், பக்கத்தில் இருக்கிற எல்லாரும் நிபுணர் ஆகிவிடுவார்கள். ரெட் ஸ்விட்ச் எடு, கேமுக்கு அதுதான் சரி. இல்லையில்லை, புளூ எடு, அடிக்க அடிக்க டக் டக் என்று சத்தம் வரும். வீட்டில ஆக்கள் நித்திரை கொள்ள வேணுமென்றால் பிரவுன். அறுபது சதவீத அளவா, எண் பலகையோட முழு அளவா? ஸ்விட்சைக் கழற்றி மாற்ற ஏலுமா? கீ மூடிகள் ஏபிஎஸ்ஸா, பிபிடியா? 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இந்தச் சாமான் எதுவும் எங்களுக்கு மலிவில்லை. அதனால் கேள்விகள் இன்னும் கூடத்தான் செய்யும்.

இவ்வளவும் விவாதிக்கிற நாங்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: அந்தக் கீபோர்ட்டில் தமிழை எப்படி அடிக்கப்போறம்?

ஸ்விட்ச் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். விரலுக்குள் ஏறிவிட்ட எழுத்து வரிசையை அப்படி மாற்ற ஏலாது. அதுக்குக் கிழமைக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். அந்த வரிசையைப் பெரும்பாலும் நாங்கள் தெரிவு செய்ததும் இல்லை. எங்களுக்கு முந்தின யாரோ, ஏதோ ஒரு பொறியின் வசதிக்காகத் தெரிவு செய்து வைத்தார்கள். யார், ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கம்பி சிக்காத வரிசை

முதலில் ஆங்கில வரிசை. அமெரிக்கரான கிறிஸ்தோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் அதை வாங்கி 1874இல் சந்தைக்கு விட்டது. அந்த முதல் பொறியில் பெரிய எழுத்து மட்டும்தான். ஷிஃப்ட் விசை 1878இல் வந்த அடுத்த பொறியில்தான் சேர்ந்தது.

இன்றைக்கு எங்கள் எல்லாருடைய கீபோர்ட்டிலும் இருக்கிற குவெர்ட்டி வரிசை அந்தக் காலத்துப் பிள்ளை. அடுத்தடுத்து வரும் எழுத்துகளின் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கத்தான் இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். தந்தியைக் கேட்டு எழுதியவர்களின் தேவைக்கு ஏற்ப வரிசை மாறி மாறி வந்தது என்று கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தருகிறார்கள். எது சரியென்றாலும், எங்கள் மடிக்கணினிக்குள் கம்பியும் இல்லை, தந்தியும் இல்லை. வரிசை மட்டும் மிஞ்சியிருக்கு. இதைவிட இலகு என்று சொல்லி ஓகஸ்ட் டுவோராக் 1936இல் புது வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அசையவில்லை. பழகின விரல்களின் எண்ணிக்கை அந்தளவுக்குப் பெருகியிருந்தது.

இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு தமிழுக்கு வருவோம்.

சுண்டுக்குளியில் இருந்து சிங்கப்பூருக்கு

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்தவர் இராமலிங்கம் முத்தையா. இளவயதில் மலாயா போய், சிங்கப்பூரில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்தவர். மற்ற மொழிகளுக்கெல்லாம் பொறி இருக்கும்போது தமிழுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

கணக்கு இதுதான். பொறியில் இருப்பது நாற்பத்துச் சொச்சம் விசை. ஷிஃப்ட்டோடு சேர்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து. தமிழிலோ 247 எழுத்து. ஆ, ஐ போன்றவற்றின் குறிகளைத் தனியாக வைத்து மெய்யெழுத்துக்குப் பக்கத்தில் அடித்துச் சமாளிக்கலாம். 'கி', 'க்' என்று வரும்போது குறி எழுத்துக்கு மேலேயே விழ வேண்டும். 'கு', 'டு', 'ணு' எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அவற்றைத் துண்டு சேர்த்துச் செய்ய வழியில்லை.

முத்தையா கண்ட வழிகளில் முக்கியமானது நகரா விசை. சாதாரண விசையை அடித்தால் கடதாசி ஒரு இடம் நகரும். நகரா விசையை அடித்தால் எழுத்து விழும், கடதாசி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து குந்தும். ஆக 'க்' அடிக்க வேண்டுமென்றால் முதலில் புள்ளி, பிறகு 'க'. நாங்கள் கையால் எழுதும்போது கடைசியில் வைக்கிற புள்ளியைப் பொறி முதலில் கேட்டது. எழுதுகிற ஒழுங்கைப் பொறி தலைகீழாக்கியது, தட்டச்சர்கள் அதுக்குப் பழகினார்கள்.

1930களில் அவருடைய பொறிகள் ஜெர்மனியில் செய்விக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. 'பிஜோ' என்ற கையடக்கப் பொறி அவற்றில் பெயர் பெற்றது. பிறகு ரெமிங்டன் போன்ற பெரிய நிறுவனங்களும் தமிழ்ப் பொறி செய்தன. இந்த மரபில் வந்த பொறிகளின் நடுவரிசையைத் தட்டச்சு படித்த எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் பாட்டு மாதிரிச் சொல்லுவார்: இடது கைக்கு ய ள ன க, வலது கைக்கு த ம ட. வலது சுண்டுவிரலுக்குக் கீழே புள்ளி. தமிழில் அதிகம் தேவைப்படுகிற குறிகளில் ஒன்றைக் கையின் ஆகப் பலவீனமான விரல் சுமந்தது.

மேசையில் எந்தப் பொறி

இலங்கையில் தட்டச்சுப் பொறி வெறும் பொறியாக இருக்க முடியவில்லை. ஒரு கந்தோரின் மேசையில் எந்த மொழிப் பொறி இருக்கிறதோ, அந்த மொழியில்தான் அந்தக் கந்தோர் பதில் எழுதும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழி ஆக்கியது. அந்த ஆண்டு ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைக் கூட்டியது எங்கட திருமலையில்தான். 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் வர 1966 ஆனது. இடையில் 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கி மட்டக்களப்பு, திருமலைக் கச்சேரிகளுக்கும் பரவியது. கச்சேரி வாசலில் குந்தியிருந்தவர்களின் கோரிக்கையை நடைமுறைக்கு இறக்கினால் அது இவ்வளவுதான்: உள்ளே இருக்கிற மேசையில் இருந்து எங்களுக்கு வரும் கடிதம் எங்களுக்கு விளங்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல், 13ஆவது திருத்தத்தில்.

அதனால்தான் விசைப்பலகையின் வரலாற்றைத் தொழில்நுட்பக் கதையாக மட்டும் வாசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு மொழியை அடிக்கக்கூடிய ஆள், அதுக்கு ஏற்ற பொறி, அந்த ஆளுக்குச் சம்பளம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சட்டத்தில் இருக்கிற மொழி தபாலில் வரும்.

பாமினி: தமிழ் வேடம் போட்ட ஆங்கிலம்

கணினி வந்தபோது தட்டச்சுப் பொறிகளைத் தூக்கி வைத்தார்கள். விரல்களைத் தூக்கி வைக்க முடியவில்லை. அந்த விரல்களுக்கு ஏற்ற மாதிரி வந்தவைதான் பாமினி வகை எழுத்துருக்கள். இலங்கையில் பாமினி பிடித்த இடத்தை வேறு எதுவும் பிடிக்கவில்லை. அச்சகத்தில் மரண அறிவித்தல், கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சங்கக் கடிதம் எல்லாமே அதில்தான். நடுவரிசை அதே ய ள ன க. புள்ளி அதே சுண்டுவிரலில். ஒரே மாற்றம், இப்போது புள்ளி எழுத்துக்குப் பிறகு வந்தது. கொம்பு மட்டும் பழையபடி முன்னால். பொறியில் பழகினவர் சில நாளில் கணினியில் அடித்தார். பாமினி பரவினதுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை.

ஆனால் பாமினியில் கணினிக்குள் சேமிக்கப்படுவது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படம் ஒட்டப்பட்டிருக்கு, அவ்வளவுதான். வெருகல் பக்கம் இருக்கிற இலங்கைத்துறை முகத்துவாரத்தை எடுப்போம். 'இலங்கைத்துறை' என்று பாமினியில் அடித்தால் கணினி நினைவில் வைத்திருப்பது: கமா, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப், ஜே, அரைப்புள்ளி, பெரிய ஜே, ஐ, டபிள்யூ. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கண்ணுக்குத் தெரிவதும் இதுதான். ஊரின் பெயர் ஒரு கமாவில் தொடங்கும். தமிழில் தேடினால் கிடைக்காது.

1990களிலும் 2000களிலும் எங்கட பகுதிகளில் அடிக்கப்பட்ட எத்தனை அறிக்கை, எத்தனை மலர், எத்தனை பெயர்ப்பட்டியல் இந்த வேடத்தில் கிடக்குது என்று யோசித்துப் பாருங்கள். யுத்தமும் இடப்பெயர்வும் நடந்த ஆண்டுகள் அவை. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பற்றி எல்லாரும் கதைக்கிறம். பழைய ஹார்ட் டிஸ்கில் கமாவும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும் எழுத்தை யாரும் எரிக்கத் தேவையில்லை. எழுத்துருவின் பெயர் மறந்துபோனாலே போதும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் அச்சில் வந்ததைக் காப்பாற்றுகின்றன. அச்சுக்குப் போகாத கோப்புகளை அவற்றை வைத்திருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

உயிர் இடது, மெய் வலது

இதே காலத்தில் வேறு இடங்களில் வேறு பாதை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அதில் இருந்து வந்த அஞ்சல் முறையில் ஆங்கில ஒலியை அடித்தால் தமிழ் விழும். தட்டச்சு வகுப்புக்கே போகாத ஆள்கூட அன்றைக்கே தமிழ் அடிக்கலாம். புலம்பெயர்ந்தவர்களுக்கும், பிறகு எங்கட தலைமுறைக்கும் கதவைத் திறந்துவிட்டது இந்த ஒலிமுறைதான். சிங்கப்பூரில் கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி, தமிழ் எழுத்தின் இலக்கணத்தை வைத்தே விசைப்பலகை செய்யலாம் என்று காட்டினார். அவர் முன்னின்று 1997இல் அங்கே தமிழ்க் கணிமைக்கான மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி தமிழ்99 பிறந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டது.

தமிழ்99இன் யோசனை அழகானது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ. வலப்பக்கம் க, ப, ம, த, ந. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய். 'ம' அடித்து இன்னொரு 'ம' அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'ங' பிறகு 'க' என்றாலும் அப்படியே, ஏனென்றால் தமிழில் ங வந்தால் பெரும்பாலும் அடுத்து வருவது க. சின்ன வகுப்பில் படித்த இன எழுத்துச் சோடியை மென்பொருளுக்குள் வைத்தார்கள். கிரந்த எழுத்து வந்தால் தவிர, ஷிஃப்ட்டுக்கு வேலை மிகக் குறைவு.

இலங்கை தன் வழியில் போனது. 2008இல் வந்த எஸ்எல்எஸ் 1326 நியமம், தட்டச்சுப் பொறி மரபைத் தழுவிய ரெங்கநாதன் அமைப்பை எடுத்துக்கொண்டது. அரச கந்தோர்களில் ஏற்கெனவே பழகியிருந்த விரல்களை நினைத்தால் அதுக்கும் நியாயம் உண்டு. டுவோராக்கைத் தோற்கடித்த அதே நியாயம்.

எண்ணிப் பார்ப்போம்

'இலங்கைத்துறை' என்ற சொல்லையே மூன்று முறையிலும் அடித்துப் பார்ப்போம். பாமினியில் 11 அடி, அதில் ஒன்றுக்கு ஷிஃப்ட், புள்ளிக்காகச் சுண்டுவிரல் இரண்டு தரம். தமிழ்99இல் 10 அடி: இ, ல, ங, க, ஐ, த, த, உ, ற, ஐ. ஷிஃப்ட் இல்லை, புள்ளி விசையே தேவையில்லை. அஞ்சல் ஒலிமுறையில் 16 அடி, றகரத்துக்கு ஷிஃப்ட்.

ஒரு சொல்லில் ஐந்தாறு அடி பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். ஒரு வட்ஸ்அப் செய்திக்கு இல்லைதான். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையை முழுக்கத் தமிழில் அடிக்கிற கலைப்பீட மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடிகளின் எண்ணிக்கையைவிட இன்னொரு விஷயம் முக்கியம் என்று நினைக்கிறம். ஒலிமுறையில் அடிக்கும்போது மனம் சொல்லை ஆங்கில எழுத்தில் உச்சரித்துவிட்டுத்தான் தமிழுக்கு வருகிறது. ல, ள, ழ மூன்றுக்கும் இடையில் நிற்கும்போது போன் காட்டுகிற பரிந்துரையில் முதலாவதைத் தொட்டுவிட்டுப் போகிறம். பாமினியோ தமிழ்99ஓ பழகின ஆளுக்கு ள ஒரு விரலில், ழ இன்னொரு விரலில் இருக்கு. எழுத்துக்கூட்டல் கையிலேயே இருக்கு. பழைய தட்டச்சர்களின் எழுத்துப்பிழை எங்கட பிழையைவிடக் குறைவாக இருப்பதுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்ப என்ன வாங்கிறது

முதலில் பலகை. செரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ஸ்விட்ச் 1980களில் வந்தது. அதன் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கெயில், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் செய்யத் தொடங்கியதால்தான் எங்கட கைக்கு எட்டுகிற விலையில் மெக்கானிக்கல் கீபோர்ட் கிடைக்குது. ஸ்விட்சின் முழு ஓட்டம் 4 மில்லிமீட்டர். பாதியில், ஏறக்குறைய 2 மில்லிமீட்டரில், எழுத்து பதிந்துவிடும். அடிவரைக்கும் குத்தத் தேவையில்லை. ரப்பர் மெத்தைக் கீபோர்ட்டில் வளர்ந்த விரலுக்கு இதுதான் முதல் பழக்கம்: மெதுவாகத் தொடுவது. முதல் சில நாள் பிழை கூடும், பிறகு விரல் தானாக இலேசாகும்.

ரெட் நேராக இறங்கும், தடையில்லை. வேகமான கேமுக்கு நல்லது. நீளமாக எழுதும்போது தெரியாமல் பக்கத்து விசையில் கை பட்டாலும் எழுத்து விழும். பிரவுனில் நடுவில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தெரியும். புளூவில் மேட்டோடு சத்தமும் உண்டு. அறை பகிர்கிற விடுதியில் அது சண்டைக்கு வழி. பாமினியோ ரெங்கநாதனோ பாவிக்கிறவர்கள் சுண்டுவிரலை நினைத்து இலேசான ஸ்விட்ச் எடுப்பது புத்தி. அளவைப் பொறுத்தவரை, தமிழுக்கு வேண்டிய எழுத்து விசைகள் எல்லாம் அறுபது சதவீதப் பலகையிலும் உண்டு. எண் பலகை இல்லாதது தமிழுக்குக் குறையில்லை. விசையில் தமிழ் எழுத்துப் பொறித்திருக்கத் தேவையும் இல்லை. பார்த்து அடிக்கிற வரைக்கும் கை பழகாது.

அடுத்தது அமைப்பு. முன்பு இந்தத் தெரிவு எங்களிடம் இருக்கவில்லை. பாமினி விரலில் அடித்தால் பாமினிக் கோப்புத்தான். 1991இலேயே யுனிகோடில் தமிழ் சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 2000இல் இருந்து அது சாதாரணக் கணினிக்கும் வந்தது. யுனிகோட் செய்த பெரிய வேலை, விரலையும் கோப்பையும் பிரித்துவிட்டது. எந்த முறையில் அடித்தாலும் உள்ளே விழுவது ஒரே தமிழ். விண்டோஸிலும் மக்கிலும் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கு. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி வரிசையிலேயே யுனிகோட் அடிக்கலாம். முத்தையா காலத்தில் இருந்து பொறி எடுத்த முடிவை முதல்தடவையாக நாங்கள் எடுக்கலாம்.

வீட்டில் பாமினி தெரிந்த ஆள் இருந்தால், அவரை ஒலிமுறைக்கு இழுக்காதீர்கள். அவருடைய விரலை அப்படியே வைத்துக்கொண்டு கோப்பை மட்டும் யுனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தருகிற எழுத்துரு மாற்றிகள் நிறைய உண்டு. மாற்றின பிறகு மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், கொம்புகள் இடம் மாறிக் கிடக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கட ஓட்டு தமிழ்99க்கு. ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் போதும். முதல் கிழமை நடுவரிசை மட்டும்: பக்கம், தபதப. இரண்டாம் கிழமை நெடில்கள். மூன்றாம் கிழமை ஒரு முழுப் பந்தி. அந்த மூன்று கிழமையும் அவசரமான வேலையைப் பழைய முறையிலேயே செய்யுங்கள், இல்லாவிட்டால் எரிச்சலில் விட்டுவிடுவீர்கள். கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு சலுகையும் இருக்கு. டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் எந்நேரமும் குந்தியிருக்கிற உங்கட இடது கைக்குக் கீழே தமிழ்99இல் இருப்பவை ஈ, அ, இ, உ. அரிச்சுவடியின் பாதி உயிர் ஏற்கெனவே அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கு. மிச்சம் வலது கைதான்.